ஏரிகளின் வழியே உதகைக்கு

நுழையும்முன்

மலைநகருக்குச் செல்வோர் ஏரியைக் கண்டு மகிழ்கின்றனர். அந்நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. கூடலூரிலிருந்து உதகமண்டலம் செல்லும் சாலை, நீலகிரியின் நீர்நிலைகளை வரிசையாகக் காட்டி, கோடையில் படகுப் போட்டி நிகழும் ஏரிக்கரையில் நம்மைச் சேர்க்கிறது. அச்சாலை கற்பிக்கும் பாடத்தை அறிவோம்.

சோலையும் புல்வெளியும்

தமிழகம், கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலச் சாலைகளும் கூடும் ஊர் கூடலூர். இங்கிருந்து உதகை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கொண்டை ஊசி வளைவுகளில் சாலை ஏற ஏற, காற்றில் குளிர் கூடுகிறது. வழியில் உள்ள நடுவட்டம், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சின்கோனா மரங்கள் 19ஆம் நூற்றாண்டில் பயிரிடப்பட்ட ஊராகும். இன்று அங்குள்ள சரிவுகளில் தேயிலைச் செடிகள் படர்ந்துள்ளன.

தேயிலைத் தோட்டங்களைக் கடந்தால், நீலகிரியின் இயற்கை அமைப்பு புலப்படும். மேட்டில் புல்வெளியும், மடிப்புகளில் அடர்ந்த சோலைக்காடும் அமைந்திருக்கும். பெய்யும் மழையைப் புல்லின் வேர்களும் சோலையின் இலைமக்கும் உறிஞ்சிவைத்துச் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. மழை ஓய்ந்த பின்னும் ஓடைகள் வற்றாதிருப்பதற்கு இதுவே காரணம். மலையின் முதல் நீர்த்தேக்கம் சோலைக்காடே எனலாம்.

ஒளி தந்த நீர்

முக்கூர்த்திச் சிகரப் பகுதியில் தோன்றும் பைக்காரா ஆற்றைத் தோடர்கள் புனிதமானதாகப் போற்றுகின்றனர். அவ்வாற்றின் நீரைக் கொண்டு இயங்கும் பைக்காரா நீர்மின் நிலையம் 1932ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கியது. 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்களின் வழியே இறங்கும் நீரின் விசை, மின்னாற்றலாக மாறியது. அம்மின்சாரம் சமவெளிக்குச் சென்று, கோவைப் பகுதியின் நூற்பாலைகள் பெருகத் துணைநின்றது. மலையில் பெய்த மழை, சமவெளியில் பஞ்சை நூலாக்கியது.

இன்று பைக்காரா அணையின் நீர்ப்பரப்பில் சுற்றுலாப் படகுகள் விரைகின்றன. அதனைக் கடந்து உதகையை நெருங்கும்போது, சாலையோரத்தில் காமராஜ் சாகர் நீர்த்தேக்கம் காட்சி தருகிறது. மரங்கள் சூழ்ந்த கரையும் மேகநிழல் படியும் நீரும் அதனை இயற்கை ஏரியென்றே எண்ணச் செய்யும். ஆனால், அதுவும் அணை கட்டித் தேக்கப்பட்ட நீரே.

துடுப்பின் திருவிழா

உதகை ஏரியும் மனித முயற்சியால் உருவானதே. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன், மலையோடைகளின் நீரைத் தடுத்து ஏரி அமைக்கும் பணியை 1823இல் தொடங்கினார். 1825இல் அது நிறைவுற்றது. 1973 முதல் தமிழகச் சுற்றுலாத் துறையின் பொறுப்பில் இங்குப் படகு சவாரி நடைபெற்று வருகிறது.

மே மாதக் கோடை விழாவில் மலர்க்காட்சி, பழக்காட்சி ஆகியவற்றோடு படகுப் போட்டியும் இடம்பெறுகிறது. கடலில் நிகழும் பாய்மரப் போட்டியில் காற்றே விசை. இங்கோ கைகளே விசை. துடுப்பு வலிப்பவர், படகு செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்திருப்பார். ஒரு பக்கத் துடுப்பு மட்டும் வலுவாக வலிக்கப்பட்டால், படகு நேரே செல்லாமல் திரும்பிவிடும். எனவே வலிமையைவிட ஒத்திசைவே வெற்றி தரும். பழக்கமில்லாத சுற்றுலாப் பயணியரின் படகு நடுவழியில் சுழலும்போது கரையில் சிரிப்பொலி எழும்; அதுவும் விழாவின் ஓர் அங்கமே.

சுருங்கிய ஏரி

கரையில் நின்று ஆரவாரிப்போர் அறியவேண்டிய மற்றொரு செய்தி உண்டு. சல்லிவன் அமைத்த ஏரி, இன்று காண்பதினும் பரந்தது. பேருந்து நிலையம் உள்ள இடமும் குதிரைப் பந்தயத் திடல் இருந்த இடமும் ஒருகாலத்தில் ஏரியின் பகுதிகளாக இருந்தவை. நகரின் நடுவே வரும் கோடப்பமந்து கால்வாய், மழைநீரோடு கழிவுநீரையும் ஏரிக்குக் கொண்டுவருகிறது. மலைச்சரிவின் மண் அடியில் படிகிறது. ஆகாயத்தாமரை மேலே படர்கிறது.

ஏரியின் துயரம் ஏரியோடு நிற்பதில்லை. அதிலிருந்து வழியும் நீர் காமராஜ் சாகரை நோக்கிச் செல்கிறது. பயணியை உதகைக்கு அழைத்துவந்த சாலையின் எதிர்த்திசையில், நகரின் கழிவு பயணம் செய்கிறது. மேலே இருப்போரின் கவனக்குறைவைக் கீழே இருக்கும் நீர்நிலை சுமக்கிறது.

இயற்கை ஏரியை இயற்கையே காக்கும் என்று கருதுவோரும் உண்டு. மனிதர் கட்டிய ஏரிக்கு அச்சமாதானமும் பொருந்தாது. கட்டியவர் இரண்டாண்டுகளில் பணியை முடித்தார். காப்பவரின் பணி இரு நூற்றாண்டுகளாகத் தொடர்கிறது. தூர்வாருதல், கழிவுநீரைத் தூய்மைப்படுத்திய பின்னரே வெளியேற்றுதல், சோலைகளைப் பேணுதல், நெகிழிப் பொருள்களை மலைக்குக் கொண்டுசெல்லாதிருத்தல் ஆகியன அப்பணியின் கூறுகள். அரசும் நகரத்தாரும் பயணியரும் ஒருங்கே துடுப்பு வலித்தால்தான் இப்படகு நேரே செல்லும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள ஏரி அல்லது குளத்திற்கு நீர் வரும் வழியையும் வெளியேறும் வழியையும் கண்டறிந்து வரைபடமாக வரைக.

2. 'சுற்றுலா நீர்நிலைகளைக் காக்கிறதா, கெடுக்கிறதா?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.