வெளிநாட்டுப் பயணமும் உங்கள் உடல் கடிகாரமும்

1968ஆம் ஆண்டு மெக்சிகோ நகர ஒலிம்பிக் போட்டியில் சிங்கப்பூர் ஓட்டக்காரர் சி. குணாளன் 100 மீட்டர் தூரத்தை 10.38 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2001 வரை நிலைத்தது. உங்களில் பலருக்கு அவரை நினைவிருக்கும்.

மெக்சிகோ நகரில் பிற்பகல் 2 மணி என்றால், இன்றைய கணக்குப்படி சிங்கப்பூரில் மறுநாள் விடியற்காலை 4 மணி. இங்கிருந்து போய் இறங்கியவுடன் ஒருவர் பந்தயத்தில் ஓடினால், அவர் உடல் தூங்கும் நேரத்தில் ஓடுகிறார் என்று பொருள். அதனால்தான் விளையாட்டாளர்கள் முடிந்தவரை பல நாள் முன்னதாகவே போய்ச் சேருகிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க லண்டனுக்குப் புறப்படும் உங்களுக்கும் இந்தப் பாடம் உதவும்.

சோர்வு இரண்டு வகை

பயணக் களைப்பு: பெர்த் நகருக்கு விமானத்தில் சுமார் 5 மணி நேரம். அங்கும் இங்கும் ஒரே நேரம்தான். ஆனாலும் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதாலும் விமானத்தின் வறண்ட காற்றாலும் களைப்பு வரும். ஓர் இரவு நன்றாகத் தூங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உடல் கடிகாரக் குழப்பம்: தூக்கம், பசி, உடல் வெப்பம் ஆகியவற்றை மூளையில் உள்ள ஒரு சிறு பகுதி நேரப்படி நடத்துகிறது. லண்டன் நேரம் நமக்கு 7 அல்லது 8 மணி நேரம் பின்தங்கியது. அந்த வேறுபாட்டுக்கு உடல் பழக, ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் தேவைப்படலாம். கிழக்கு நோக்கிப் பயணம் செய்தால் பழகுவது பொதுவாகக் கூடுதல் கடினம்.

இந்த நாள்களில் விளையாட்டாளரின் வேகமும் கவனமும் குறையும். மூத்தோருக்கோ இரவில் தடுமாறி விழுவதும், மருந்து வேளை தவறுவதும் நேரலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

• புறப்படும் முன் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ மருந்து நேரத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கு இது மிக முக்கியம்.
• மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள்.
• விமானத்தில் அவ்வப்போது எழுந்து நடங்கள்; கணுக்கால்களைச் சுழற்றுங்கள். தண்ணீர் குடியுங்கள். நீர் அருந்தும் அளவை மருத்துவர் வரையறுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.
• லண்டன் போன்ற மேற்கு ஊர்களில் முதல் சில நாள்கள் பிற்பகல் வெயிலில் நடங்கள். சிட்னி போன்ற கிழக்கு ஊர்களில் காலை உணவுக்குப் பின் நடங்கள்.
• பகல் தூக்கம் அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.
• தூக்க மாத்திரையைச் சொந்தமாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.
• புது வீட்டில் கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும்.
• திருமணமோ கோயில் விழாவோ இருந்தால், இரண்டு மூன்று நாள் முன்பே போய்ச் சேருங்கள்.

உடனே உதவி நாடுங்கள்

பயணத்துக்குப் பின் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால், சிங்கப்பூரில் 995ஐ அழையுங்கள். வெளிநாட்டில் இருந்தால் அந்நாட்டின் அவசர எண்ணை அழையுங்கள். போகும் முன்பே அந்த எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.