மின் விநியோக நிறுவனத்தில் தரவு ஆளுகை

மின்சாரம் கண்ணுக்குப் புலப்படாத பண்டம். நெல்லை மரக்காலால் அளக்கலாம். எண்ணெயைப் படியால் அளக்கலாம். மின்சாரத்தையோ, அது கடந்து செல்லும் இடங்களில் மீட்டர்களைப் பொருத்தி, அவை காட்டும் எண்களைக் கொண்டே அறிய வேண்டியிருக்கிறது. ஆகவே மின் விநியோக நிறுவனம் தன் கம்பிகளையும் மின்மாற்றிகளையும் எவ்வளவு கருத்தாகப் பேணுகிறதோ, அவ்வளவு கருத்தாகத் தன் எண்களையும் பேணக் கடமைப்பட்டுள்ளது. ஒவ்வொரு விவரத்தையும் யார் பதிவது, யார் திருத்துவது, யார் பார்ப்பது, தவறு நேரின் யார் பொறுப்பேற்பது என்பவற்றை வரையறுத்து நடைமுறைப்படுத்தும் ஏற்பாட்டிற்குத் தரவு ஆளுகை என்று பெயர்.

தரவின் வகைகள்

விநியோக நிறுவனத்தின் தரவுகளை இரு பெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம். முதலாவது நிலைத் தரவு. நுகர்வோரின் இணைப்பு எண், கட்டண வகை, மீட்டரின் வரிசை எண், இணைப்பு எந்த மின்மாற்றியைச் சேர்ந்தது, அம்மின்மாற்றி எந்தப் பீடரைச் சேர்ந்தது என்பன இப்பிரிவில் அடங்கும். இரண்டாவது இயங்கு தரவு. மீட்டர் அளவுகள், மின் அழுத்தம், மின்தடை நேரங்கள், வசூல் முதலியன இதில் அடங்கும்.

முன்னாட்களில் மாதம் ஒரு முறையோ, இரு மாதங்களுக்கு ஒரு முறையோ கணக்கெடுப்பாளர் வீடு வீடாகச் சென்று ஓர் எண்ணைக் குறித்து வந்தார். ஸ்மார்ட் மீட்டர் 15 நிமிடத்திற்கு ஒரு முறை அளவைப் பதிவு செய்வதாகக் கொண்டால், ஒரு நாளில் 96 பதிவுகள், ஓராண்டில் 35,040 பதிவுகள் சேரும். ஒரு லட்சம் மீட்டர்கள் ஒரே நாளில் 96 லட்சம் பதிவுகளை அனுப்பும். இயங்கு தரவு இவ்வாறு வெள்ளமெனப் பெருகினும், நிலைத் தரவில் ஓர் எழுத்துத் தவறானால் அவ்வளவும் பயனற்றுப் போகும். இதனைக் கீழ்வரும் கணக்கு விளக்கும்.

மொத்தம் சரி, பகுதி தவறு

ஓர் ஊரில் ‘அ’, ‘ஆ’ என இரு மின்மாற்றிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒரு மாதத்தில் ‘அ’ 20,000 யூனிட்டும், ‘ஆ’ 30,000 யூனிட்டும் வழங்கின. ‘அ’வின் நுகர்வோர் 18,400 யூனிட்டும், ‘ஆ’வின் நுகர்வோர் 27,600 யூனிட்டும் உபயோகித்தனர். இரண்டிலும் இழப்பு 8 சதவீதம்.

இனி, ‘ஆ’வைச் சேர்ந்த மாவு மில் ஒன்று மாதம் 3,000 யூனிட் உபயோகிக்கிறது. சில மாதங்களுக்கு முன்பு வரை அது ‘அ’வில் இருந்தது, பழுது பார்த்த சமயத்தில் இணைப்பை ‘ஆ’வுக்கு மாற்றினர். கம்பி மாறியது, பதிவேடு மாறவில்லை. ஆகவே ஏட்டின்படி ‘அ’வின் உபயோகம் 21,400 யூனிட். வழங்கியதைவிட 1,400 யூனிட் அதிகம். அதாவது இழப்பு −7 சதவீதம்! ‘ஆ’வின் உபயோகமோ 24,600 யூனிட், இழப்பு 18 சதவீதம்.

இரண்டையும் கூட்டிப் பார்த்தால் 50,000 யூனிட்டில் 46,000 யூனிட். இழப்பு பழையபடி 8 சதவீதமே. தலைமை அலுவலகத்தின் அறிக்கையில் குறையேதும் தென்படாது. ஆனால் மின் திருட்டைக் கண்டுபிடிக்கும் குழுவோ ‘ஆ’வின் தெருக்களுக்குச் செல்லும், குற்றமற்ற குடும்பங்கள் ஐயத்திற்கு ஆளாகும். எதிர்மறை இழப்பு இயற்கையில் இல்லை. அத்தகைய எண் ஏட்டில் தோன்றின், பதிவேட்டையும் மீட்டரையும் உடனே சோதித்தல் வேண்டும்.

பெருக்கற் காரணி

பெரிய இணைப்புகளில் மின்னோட்டம் முழுவதும் மீட்டர் வழியே செல்வதில்லை. மின்னோட்ட மாற்றி அதனைக் குறிப்பிட்ட விகிதத்தில் குறைத்தே மீட்டருக்கு அளிக்கிறது. விகிதம் 100/5 எனில், மீட்டர் காட்டும் அளவை 20ஆல் பெருக்க வேண்டும். 200/5 எனில் 40ஆல் பெருக்க வேண்டும். பழைய மாற்றிக்குப் பதிலாக 200/5 மாற்றியைப் பொருத்திவிட்டு, ஏட்டில் 20 என்ற காரணியையே விட்டுவைத்தால், நுகர்வோருக்குப் பாதி யூனிட்டுக்கே பில் செல்லும். பிற்காலத்தில் தவறு வெளிப்படும்போது, நிலுவை முழுவதும் ஒரு சிறு தொழிலதிபரின் தலையில் ஒரே நாளில் விழும். கருவியில் பழுதில்லை, கணிப்பொறியிலும் பழுதில்லை, குறிப்புத்தாள் ஒன்று அலுவலகம் வந்து சேராததே காரணம்.

இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. எந்தச் சுவிட்ச் எந்தக் கம்பியைக் கட்டுப்படுத்துகிறது என்று காட்டும் வரைபடமும் தரவே. புதிய இணைப்பு வரைபடத்தில் ஏறாவிடில், மின்சாரம் நிறுத்தப்பட்டதாக நம்பிக் கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து நேரும். கம்பியில் மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து, நிலத்தொடர்பு செய்த பின்னரே வேலையைத் தொடங்குக என்ற விதி, ஏட்டை மட்டும் நம்பலாகாது என்பதற்காகவும் ஏற்பட்டதாகும்.

சட்டமும் திட்டங்களும்

2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், சரியான மீட்டர் வழியாகவே மின்சாரம் வழங்க வேண்டும் என விதிக்கிறது. 2008இல் மறுசீரமைக்கப்பட்ட விரைவு மின் வளர்ச்சி மற்றும் சீர்திருத்தத் திட்டத்தின் முதற்பகுதி, அடிப்படைத் தரவுகளைத் திரட்டுவதையே நோக்கமாகக் கொண்டிருந்தது. 2021இல் வகுக்கப்பட்ட விதிமுறைகளின்படி, விநியோக நிறுவனங்கள் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை மின்சக்திக் கணக்கும், ஆண்டிற்கு ஒரு முறை தணிக்கையும் செய்தாக வேண்டும். அதே ஆண்டில் தொடங்கிய புத்துயிரூட்டப்பட்ட விநியோகத் துறைத் திட்டம், ஸ்மார்ட் மீட்டர்களைப் பெருமளவில் பொருத்த வழி செய்தது.

தலைமை அதிகாரியின் பணிகள்

தரவு ஆளுகைக்குத் தலைமை தாங்கும் அதிகாரி முதற்கண் ஒவ்வொரு விவரத்திற்கும் ஓர் உரிமையாளரை நியமிப்பார். இணைப்பு விவரத்திற்கு வணிகப் பிரிவும், மின்மாற்றி விவரத்திற்குப் பொறியியல் பிரிவும் பொறுப்பாகும். கணிப்பொறிப் பிரிவு தரவின் காப்பாளரேயன்றி உரிமையாளராகாது. அடுத்து, சொற்களின் பொருளை அவர் வரையறுப்பார். ‘இழப்பு’ என்பதில் ஒரு பிரிவு கம்பியில் வீணானதை மட்டும் கொள்ளவும், மற்றொரு பிரிவு வசூலாகாத பணத்தையும் சேர்த்துக் கொள்ளவும் செய்தால், இரு அறிக்கைகளும் ஒருகாலும் ஒத்துவரா. மூன்றாவதாக, களத்தில் மாறியது எத்தனை நாளில் ஏட்டில் ஏற வேண்டும் என்று கெடு வைப்பார். நான்காவதாக, சில இணைப்புகளை மாதந்தோறும் தேர்ந்தெடுத்து, ஏட்டையும் இடத்தையும் ஒப்பிடச் செய்வார். தவறு கண்டு தெரிவிப்போரைத் தண்டிக்காதிருத்தலும் அவர் கடமையே. தண்டனைக்கு அஞ்சினால் தவறுகள் மறைக்கப்படும்.

நுகர்வோரின் அந்தரங்கம்

15 நிமிட அளவுகளைக் கூர்ந்து நோக்கினால், ஒரு வீட்டார் எப்போது எழுகின்றனர், எப்போது வீடு பூட்டிக் கிடக்கிறது என்பனவற்றை ஊகிக்க முடியும். இவ்விவரம் தீயோர் கையில் சேரலாகாது. தனிமனிதரின் மின்னணுத் தரவுகளைக் காக்கப் பாராளுமன்றம் 2023இல் சட்டம் இயற்றியுள்ளது. வேலைக்குத் தேவையான விவரத்தைத் தேவையானவர் மட்டுமே பார்க்கலாம் என்பது இங்குப் பின்பற்றத்தக்க நெறி.

களப் பணியாளர் கவனத்திற்கு

மீட்டர், மின்னோட்ட மாற்றி, இணைப்பு ஆகியவற்றுள் எதை மாற்றினாலும், பழைய எண், புதிய எண், இறுதி அளவு, தொடக்க அளவு, விகிதம், தேதி ஆகிய ஆறையும் அவ்விடத்திலேயே குறித்தல் வேண்டும். பூட்டிய வீட்டிற்கு உத்தேச அளவை எழுதினால், அது உத்தேசம் என்ற குறிப்பும் உடன் இருக்க வேண்டும். ஏட்டில் அது மெய்யளவாக நின்றுவிட்டால், பின்னர் வரும் பில்லின் பளு ஒரு குடும்பத்தைச் சாரும்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு பீடருக்கு 100 லட்சம் யூனிட் வழங்கப்பட்டு, 85 லட்சம் யூனிட்டுக்குப் பில் அனுப்பப்பட்டது. பில் தொகையில் 95 சதவீதம் வசூலாயிற்று. மொத்தத் தொழில்நுட்ப, வணிக இழப்பு எவ்வளவு? (விடை: 0.85 × 0.95 = 0.8075, இழப்பு 19.25 சதவீதம்.)

2. மேற்கண்ட மாவு மில் மாதம் 1,000 யூனிட் மட்டுமே உபயோகித்திருந்தால், மற்ற எண்கள் மாறாத நிலையில், ஏட்டின்படி ‘அ’வின் இழப்பு என்ன? தவறு எளிதில் புலப்பட்டிருக்குமா? (விடை: 3 சதவீதம், எதிர்மறை எண் தோன்றாமையால் தவறு மறைந்தே இருக்கும்.)

3. மாணவர் தம் வீட்டு மீட்டரை ஒரு வாரம் நாள்தோறும் ஒரே நேரத்தில் குறித்து, எந்த நாளில் உபயோகம் மிகுந்தது, ஏன் என்று எழுதுக.