தெரிந்த சொல்லைத்தான் சந்தேகிக்க வேண்டும்

தாமஸ் ஹார்டியின் ‘தி டார்க்லிங் திரஷ்’ 32 வரிக் கவிதை. ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள் பலர் இதை அகராதியும் கையுமாக உட்கார்ந்து தொடங்குகிறார்கள். வரிக்கு வரி பொருள் எழுதி முடிப்பதற்குள் கவிதை கைநழுவிப் போய்விடுகிறது. இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கும்வரை அகராதியைத் தொடாதீர்கள். தேவாலயத் துதிப்பாடல்களின் சந்தம் அது, காதில் விழவேண்டும்.

பிறகு நாளையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கவிதையின் அடியில் 1900 டிசம்பர் 31 என்று இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசி நாள். இடம் ஹார்டி பிறந்து வளர்ந்த டார்செட் என்று கொள்ளலாம். தென் இங்கிலாந்தில் அந்த நாளில் மாலை நான்கு மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். இன்னொன்று, நாம் எல்லாவற்றையும் ‘பனி’ என்று சொல்லிவிடுகிறோம். இந்தக் கவிதையில் வருவது ஃப்ராஸ்ட், அதாவது தரையிலும் செடியிலும் சாம்பல் நிறமாகப் படியும் உறைபனி. வானிலிருந்து கொட்டும் வெண்பனியைக் கற்பனை செய்தால் தொடக்கத்திலேயே தவறான காட்சி கண்ணில் நின்றுவிடும்.

அரிய சொற்கள் அதிகம் படுத்தாது. காப்பிஸ் என்பது அடியோடு வெட்டிவிட்டு, மறுபடி துளிர்க்கும் கழிகளுக்காக வளர்க்கும் சிறுகாடு. பைன் என்பது சுற்றிப் படரும் கொடித்தண்டு, ஊசியிலை மரம் அல்ல. லயர், பழைய கிரேக்கரின் நரம்பிசைக் கருவி. அகராதியைத் திறந்தால் தீர்ந்தது.

ஆளை விழவைப்பவை எளிய சொற்கள். ஜெர்ம் என்றதும் நோய்க்கிருமி என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். இங்கே அது விதையின் முளை, உயிரின் தொடக்கம். அந்த முளையின் துடிப்பு சுருங்கி வறண்டு கிடக்கிறது என்கிறார் கவிஞர். கிருமி என்று கொண்டால் குளிர்காலம் நன்மை செய்ததாகிவிடும்! ஹான்ட் என்ற சொல்லும் அப்படித்தான். பழைய வழக்கில் அதற்கு ஓரிடத்தில் அடிக்கடி நடமாடுவது என்று பொருள். பேய் உலவுவது என்ற பொருளும் உண்டு. சற்று முன்புதான் உறைபனியை ஆவியின் நிறமாகக் காட்டியிருக்கிறார் என்பதால் இரண்டு பொருளும் வேண்டும். தலைப்பில் உள்ள டார்க்லிங், கறுத்த குஞ்சுப் பறவை அல்ல. ‘இருளில்’ என்று பொருள்படும் பழைய வினையடை அது. மில்டனும் கீட்ஸும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? உங்களுக்குத் தெரிந்த பொருளை வரியில் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் உறுத்தினாலும் நிறுத்திவிடுங்கள். மாணவர்களுக்கான சிறிய அகராதி இங்கே பயன்படாது. பொருள்களைக் கால வரிசையில் தரும் பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் பாருங்கள். தமிழில் பார்க்க விரும்பினால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் உரைநடைச் சுருக்கத்தை மட்டும் முதலில் படிக்காதீர்கள். உறுத்தல் வரும் முன்பே அது வழுக்கிக்கொண்டு போய்விடும்.

உவமைகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுதுவது எனக்குப் பிடிக்காது. வேரைத் தேடுங்கள். இங்கே வேர் ஒரு சாவு. அடியில் குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்பே, 1900 டிசம்பர் 29 அன்று, ‘தி கிராஃபிக்’ இதழில் வந்தபோது கவிதைக்கு நூற்றாண்டின் மரணப்படுக்கை என்று பொருள்படும் தலைப்பு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டால் போதும்: நிலத்தின் மேடுபள்ளம் நூற்றாண்டின் பிணம், மேகமூட்டம் கல்லறையின் கூரை, காற்று ஒப்பாரி. இதற்குள்தான் கிழட்டு திரஷ் பறவையின் பாட்டு வருகிறது. அதைச் சொல்ல ஹார்டி எடுக்கும் சொல் ஈவன்சாங். அது வெறும் மாலைப் பாட்டு அல்ல, ஆங்கிலிகன் தேவாலயத்தின் மாலை வழிபாடு. கிறித்தவ நம்பிக்கையை இழந்த கவிஞர், தனக்கு எட்டாத நம்பிக்கையைப் பறவையின் பாட்டில் கேட்கிறார். ஈவன்சாங்கைத் தவறவிட்டவர் கவிதையையே தவறவிட்டவர்.

இது கைவந்ததும் கோல்ரிட்ஜ் 1798இல் எழுதிய ‘ஃப்ராஸ்ட் அட் மிட்நைட்’ கவிதையை எடுங்கள். அதில் வரும் ஸ்ட்ரேஞ்சர் ஒரு மனிதர் அல்லர். கணப்பின் கம்பியில் படபடக்கும் மெல்லிய கரிப்படலம். அது ஆடினால் பிரிந்திருக்கும் நண்பர் வருவார் என்பது அக்கால இங்கிலாந்து மக்களின் நம்பிக்கை.