அக்குபங்சர் சிகிச்சையும் அதன் பாதுகாப்பும்

முழங்கால் வலியும் இடுப்பு வலியும் கழுத்துப் பிடிப்பும் முதுமையோடு உடன்வரும் விருந்தினர். நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இவ்விருந்தினரை ஏற்கும் பருவத்தை எய்திவிட்டனர். மாத்திரைகளை உண்டு சலித்தோர், சீனநாட்டு ஊசி வைத்தியமாகிய அக்குபங்சரை நாடுதல் இயல்பே. “ஊசியில் மருந்து இல்லை, ஆதலாற் பக்கவிளைவும் இல்லை” என்பர் சிலர். உடலினுள் ஊசி புகுவதே பேராபத்து என்று அஞ்சுவர் வேறு சிலர். இவ்விரு கூற்றும் முழு உண்மையாகா. உண்மை யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வைத்தியம் கொழும்பு மக்களுக்குப் புதிதன்று. வெள்ளவத்தைக்கு அண்மையில், களுபோவிலயில் அமைந்த கொழும்பு தெற்கு வைத்தியசாலையில், 2005ஆம் ஆண்டு மறைந்த வைத்தியர் அன்ரன் ஜயசூரிய இதனை முன்னின்று நடத்தினார். பிறநாட்டு மருத்துவர் பலரும் அவரிடம் வந்து கற்றுச் சென்றனர். எனவே வெள்ளவத்தை முதற் கொட்டாஞ்சேனை வரை, இதன் பெயரை அறியாத முதியோர் சிலரே எனலாம். ஆயினும், பெயரை அறிதல் வேறு. அதன் நன்மை தீமைகளை அறிதல் வேறு.

சிறு விளைவுகள்

அக்குபங்சர் ஊசி, மருந்தேற்றும் ஊசியைப் போன்று உட்டுளை உடையதன்று. ஏறத்தாழக் கால் மில்லிமீற்றர் பருமனுள்ள மெல்லிய உருக்குக் கம்பியே அது. ஆதலின் அது விளைக்கும் காயமும் மிகச் சிறிது. எனினும் காயம் காயமே. ஊசியை எடுக்கும்போது ஒரு துளி குருதி கசிதல், தோல் கன்றிப் போதல், குத்திய இடத்தில் வலித்தல், களைப்பு, தலைச்சுற்று என்பன நேரலாம். சிலருக்கு முன்னிருந்த வலி ஓரிரு நாள் மிகுந்து பின் தணிவதும் உண்டு. முதன்முறை சிகிச்சை பெறுவோர் அச்சத்தினாலோ வெறுவயிற்றினாலோ மயங்கி விழுதல் கூடும்; அவர்களைப் படுக்கவைத்தே ஊசியிடல் வேண்டும்.

இவை எத்துணைப் பேருக்கு நேர்கின்றன? ஜேர்மனியில் 229,230 நோயாளரை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு இதற்கு விடை தருகின்றது. அவர்களுள் நூற்றுக்கு 8.6 பேர் ஏதேனும் ஒரு பக்கவிளைவை அடைந்தனர்; அதற்கெனச் சிகிச்சை தேவைப்பட்டோர் நூற்றுக்கு 2.2 பேர். நுரையீரல் துளைபட்டோர் இருவர். 2001ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வெளிவந்த ஆய்வுகள் இரண்டையும் கூட்டினால், 66,000இற்கு மேற்பட்ட சிகிச்சைகளில் பாரதூரமான தீங்கு ஒன்றேனும் பதிவாகவில்லை.

இவ்வெண்கள் ஆறுதல் தருவன. ஆனால், இவ்வாய்வுகளில் ஊசியிட்டோர் யாவர் என்பதையும் நாம் நோக்கல் வேண்டும். ஜேர்மனிய ஆய்வில் ஊசியிட்டோர் அக்குபங்சரிற் சிறப்புப் பயிற்சி பெற்ற மருத்துவர். பிரித்தானிய ஆய்வுகளிலும் பயிற்சி பெற்றோரே. ஆகவே, பயின்ற கையில் ஊசி பெரும்பாலும் பாதுகாப்பானது என்பதே இவ்வெண்கள் கூறும் பொருள். பயிலாத கைக்கு இவை சான்றாகா.

பெருந் தீங்குகள்

பயிலாத கை விளைக்கக்கூடிய பெருந் தீங்குகள் இரண்டு. முதலாவது, உள்ளுறுப்புத் துளைபடுதல். மெலிந்த ஒருவரின் மார்பிலும் மேல்முதுகிலும், தோலின் கீழ் ஒன்று அல்லது இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்திலேயே நுரையீரல் தொடங்கிவிடுகின்றது. தோட்பட்டை வலிக்கென ஊசியிடும் இடத்தின் கீழும் நுரையீரலின் உச்சி உளது. ஊசி அளவுக்கு மிஞ்சி ஆழ்ந்தால், நுரையீரலைச் சூழ்ந்த இடைவெளியிற் காற்றுப் புகுந்து அதனைச் சுருங்கச் செய்யும். மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் சில மணி நேரம் கழித்தே தோன்றுதலும் கூடும். சிகிச்சையின் பின் இக்குறிகளைக் காண்போர் தாமதியாது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

நம் சித்த மருத்துவ மரபில் வர்மம் பயின்றோர், உடலில் 108 வர்மங்கள் உள எனவும், அவற்றுள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் எனவும் வகுத்தனர். வர்மமும் அக்குபங்சரும் ஒன்றல்ல. ஆயினும், நலம் செய்யும் இடமே உயிருக்கு ஊறு செய்யும் இடமாகவும் அமையும் என்ற அறிவு நமக்குப் புதிதன்று. ஊசியிடுவோர் உடற்கூற்றியலைக் கல்லாது புள்ளிகளை மட்டும் மனனஞ் செய்தல் ஏன் போதாது என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது, நோய்த்தொற்று. 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில், ஒரே சிகிச்சையாளரிடம் ஊசியிட்டுக்கொண்ட 35 பேருக்கு ஈரல் அழற்சி பி தொற்றியது. இந்நோயின் வைரசு உடலுக்கு வெளியே ஏழு நாள் வரையேனும் உயிர்ப்புடன் இருக்க வல்லது. ஸ்பிரிற்றினால் ஊசியைத் துடைப்பதால் அது அழிந்துவிடும் என்று நம்புதல் ஆகாது. இலங்கையிற் குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி வழங்கும் திட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் தொடங்கியது. ஆகவே முதியோராகிய நம்மிற் பலர் அப்பாதுகாப்பு இல்லாதவர். ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் ஊசியே இதற்குத் தக்க அரண். உறையை நம் கண்முன்னே பிரிக்கும்படி கேட்பது மரியாதைக் குறைவன்று. அது நோயாளியின் உரிமை.

யார் முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும்?

குருதி உறைவதைத் தடுக்கும் வாபரின் போன்ற மருந்துகளை உண்போர், கருவுற்றிருப்போர், இருதய வால்வு நோயுடையோர், வலிப்பு நோயாளர் ஆகியோர் தம் நிலையை முன்னரே கூறல் வேண்டும். இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தியவருக்கு, ஊசியின் வழியே மின்னோட்டம் செலுத்தும் முறை ஏற்றதன்று. நீரிழிவினாற் காலில் உணர்ச்சி குன்றியோர், அங்கே ஏற்படும் சிறு புண்ணையும் அறியாது விடுவர். ஆதலின் அவர்கள் பாதத்தை நாடோறும் பார்த்துக்கொள்ளல் நன்று. காதிலே பல நாள் பதித்து வைக்கும் சிற்றூசிகள் காதுக் குருத்தெலும்பிற் சீழ் உண்டாக்கலாம் என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது.

ஊசியினும் கூரிய ஆபத்து

இதுகாறும் கூறியன ஊசி செய்யும் தீங்குகள். அவற்றினும் பெரிது, ஊசியை நம்பி நோயை அறியாது விடுதல். இரவிலும் தணியாத முதுகு வலி புற்றுநோயின் குறியாக இருக்கலாம். இடது தோளிற் பரவும் வலி மாரடைப்பின் முன்னறிவித்தலாக இருக்கலாம். நாட்பட்ட வலிகள் சிலவற்றுக்கு அக்குபங்சர் ஓரளவு தணிவு தருவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் வலியைத் தணித்தல் வேறு. நோயைத் தீர்த்தல் வேறு. நீரிழிவு மருந்தையோ இரத்த அழுத்த மருந்தையோ நிறுத்திவிட்டு ஊசியை மட்டும் நம்புமாறு எவரேனும் கூறின், அவரிடமிருந்து விலகுதலே அறிவுடைமை.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில், நோய் இன்னதென ஆராய்ந்து, அதன் காரணத்தைக் கண்டு, பின்னரே தணிக்கும் வழியை நாடச் சொல்கின்றார். மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் நோயாளியையும் ஒன்றாக வைக்கின்றார். ஆதலாற் பாதுகாப்பு என்பது வைத்தியர் பொறுப்பு மட்டுமன்று, நம் பொறுப்புமாகும்.

ஆகவே, அக்குபங்சரை நாடும் அன்பர் மூன்று வினாக்களை மறவாதிருப்பாராக. என் நோய் இன்னதெனத் தகுதிபெற்ற மருத்துவர் ஒருவர் கண்டறிந்துவிட்டாரா? ஊசியிடுபவர் எங்கே, எத்துணைக் காலம் பயின்றவர்? ஊசி புதியதா? இம்மூன்றுக்கும் நிறைவான விடை கிடைப்பின், அஞ்சாது செல்லலாம். ஒன்றுக்கேனும் விடை கிடையாவிடின், வலியோடேனும் வீடு திரும்புதல் நன்று.