நன்னெறி வகுப்பில் ஸ்லோகம்

கேள்வி: மகள் தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு. 'வேல்யூ எஜுகேஷன்' பீரியடில் ஸ்லோகம் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா?
— ஒரு வாசகி, செகந்திராபாத்

பதில்: உண்டு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மதபோதனையில் உட்கார வைக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு. தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்.

ஆனால் சமயங்களைப் பற்றிப் படிப்பது வேறு சங்கதி. அதற்குத் தடையில்லை என்று 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

உங்கள் ஊருக்கு இந்தத் தலைவலி பழசு. 1918-இல் ஹைதராபாத் நிஜாம் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் மாணவர்களுக்குத் 'தீனியாத்' என்ற சமயப் பாடம். மற்றவர்களுக்கு 'அக்லாக்கியாத்' என்ற ஒழுக்கப் பாடம். யாரையும் அடுத்தவர் மதத்துக்கு இழுக்காத, நாகரிகமான ஏற்பாடு. ஆனால் பக்கத்து பெஞ்சுக்காரன் எதை நம்புகிறான் என்பதை அந்த வகுப்பில் இருவருமே அறிய வழியில்லையே!

ஆகவே வேண்டாம் என்பதோடு நிற்காமல், வேண்டியதையும் கேளுங்கள். போனாலு திருவிழாவில் பெண்கள் ஏன் தலையில் பானை சுமக்கிறார்கள், முஹர்ரம் பத்தாம் நாள் பழைய நகரத்தில் 'பீபி கா அலம்' கொடி ஊர்வலம் ஏன் துக்கத்தோடு போகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரட்டும். 'உண்மையே பேசு' என்று நோட்டில் எழுத வைப்பதைவிட, 'தோழி காப்பியடித்ததை டீச்சர் கேட்டால் சொல்வாயா?' என்று கேட்டு வகுப்பைச் சண்டைபோட விடலாம். மார்க் போடுவது கஷ்டம்தான். போடாமலே விட்டால் என்ன?