கக்கூஸ் குழாய் எங்கே போகிறது?
நீர்த்துறையிலும் பாதையிலும் நிழலிலும் மலம் கழிப்பது சாபத்துக்குரியது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. வீட்டில்தான் கக்கூஸ் இருக்கிறதே, நமக்கென்ன என்கிறோம்.

செப்டிக் டேங்கில் கசடுதான் அடியில் தங்கும். வெளியேறும் நீர் தெளிவாகத் தெரிந்தாலும் கிருமி நிறைந்த நஜீஸ். அந்தக் குழாயை வாறுகாலில் விட்டால், அது சிற்றாற்றுக்குப் போகும். சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. அதைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒளூச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

கிணற்றுக்குத் தள்ளி உறிஞ்சுகுழி தோண்டி, குழாயை அதில் விடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை லாரி வைத்துக் கசடை எடுங்கள். கூலி குறைவென்று டேங்குக்குள் ஆளை இறக்காதீர்கள்; 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், விஷவாயு உயிரையும் பறிக்கும்.

ஒளூச் செய்த தண்ணீரை இதோடு கலக்க வேண்டாம். அது தென்னைக்குப் போகட்டும்.