திராட்சைப் பந்தல்களின் வழியே

மாணவர்களே! தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்க்க மிதிவண்டியே ஏற்றது. கம்பத்திலிருந்து சுருளி அருவி ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ளது. வழியெங்கும் பந்தல்களில் கருநிறப் பன்னீர்த் திராட்சைக் குலைகள் தொங்கும். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் இத்திராட்சையைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்பர். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் இவ்வயல்களை வளப்படுத்துகிறது. 2023இல் இத்திராட்சை புவிசார் குறியீடு பெற்றது.

நம் ஹைதராபாத்தைச் சுற்றியும் முன்பு அனாபிஷாஹி திராட்சைத் தோட்டங்கள் மிகுந்திருந்தன. நகரம் விரிந்தபோது அவற்றுள் பல மறைந்தன. பேருந்தில் விரைவோர் பந்தலின் பசுமையை மட்டுமே காண்பர். மிதிவண்டியில் மெல்லச் செல்வோர் நின்று உழவரிடம் உரையாடலாம். அதற்கு உங்கள் தமிழ் துணைநிற்கும்.

பயிற்சி: உங்கள் பெற்றோரின் ஊரில் விளையும் பயிர் ஒன்றைப் பற்றிக் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக.